மறு: குறைத்ததற்குப் பதிலாக உள்ளே வரும் சத்து – என்ன பெயர் வைக்கலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

saturated fat என்பதைத் தமிழில் நிரம்பிய கொழுப்பு என்பதா, நிறைவுற்ற கொழுப்பு என்பதா என்ற வழக்கை இந்த இழையில் இனி இழுக்கவேண்டாம். இலங்கைப் பாடநூலில் ஒன்று, தமிழ்நாட்டுப் பாடநூலில் மற்றது. இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். நாங்கள் காபோவைதரேற்று (carbohydrate) என்பதைத் தமிழ்நாட்டில் மாவுச்சத்து என்கிற விடயம் அப்படியல்ல. மாவுச்சத்து என்றதும் எங்களுக்கு நினைவு வருவது பிள்ளைகள் படிக்கும் மாப்பொருள் (starch), அதற்குள் சீனி அடங்காது. சென்னைக் காணொளியில் "மாவுச்சத்தைக் குறையுங்கள்" என்று கேட்டுவிட்டு, வெள்ளவத்தையில் சோற்றைப் பாதியாக்கி பிளேன்ரீயில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொதுமக்களுக்கான பிரசுரத்தில் சோறு, பாண், சீனி என்று பெயர் சொல்லியே எழுதிவிடுவோம்.

என் சிக்கல் வேறு. கொழுப்பைப் பற்றிய ஆலோசனை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று விளக்கும் பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சத்தைக் குறைத்தால் அது விட்ட இடத்துக்கு இன்னொரு சத்து வரும். போசணை ஆய்வாளர்கள் நாள் முழுக்கப் பேசுவது இதைத்தான். தமிழில் அதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு வரி செலவாகிறது. அப்படி உள்ளே வரும் சத்துக்கு ஒரே சொல் வேண்டும்.

2017ஐ எடுங்கள். ஜூனில் அமெரிக்க இதயச் சங்கம், நிரம்பிய கொழுப்பைக் குறையுங்கள், தேங்காய் எண்ணெயும் அதில் சேர்த்தி என்றது. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு என்பதால் கொழும்பில் பல வீட்டுச் சமையலறைகள் கலங்கின. ஓகஸ்டில் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் பியூர் (PURE) என்ற ஆய்வு வந்தது. 18 நாடுகள், 1,35,000க்கும் மேற்பட்ட ஆட்கள். காபோவைதரேற்று மிக அதிகமாக உண்டவர்களிடையே இறப்பு கூடுதல், கொழுப்புக் கூடுதலாக உண்டவர்களிடையே குறைவு என்றது. "அப்ப தேங்காய்ப்பால் நல்லதுதானே" என்று ஊரே முடிவுகட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரடி மோதல் பெரிதாக இல்லை. இதயச் சங்கம் பேசியது, நிரம்பிய கொழுப்பின் இடத்துக்குப் பல்நிரம்பாத (polyunsaturated) தாவர எண்ணெய் வந்த பரிசோதனைகளை. பியூரில் இருந்தவர்களில் பலர் சோறும் மாவும் தட்டை நிறைத்திருந்த வறிய, நடுத்தர நாட்டவர்கள். அது அவதானிப்பு ஆய்வு, அதாவது எவருடைய உணவையும் மாற்றாமல் உண்பதைக் குறித்துக்கொண்டது என்பதால், அங்கே வறுமை எவ்வளவு, உணவு எவ்வளவு என்று பிரிப்பதும் சுலபமல்ல. ஒவ்வொன்றிலும் எது போய் எது வந்தது என்பதைச் செய்தித் தலைப்பு விழுங்கிவிட்டது.

இதை நேராகக் கணக்கிட்டவர்கள் ஹாவர்ட் ஆய்வாளர்கள். 2015இல் வந்த அவர்களுடைய ஆய்வில், உணவால் கிடைக்கும் மொத்தச் சக்தியில் 5 சதவீதத்தை நிரம்பிய கொழுப்பிலிருந்து எடுத்துப் பல்நிரம்பாத கொழுப்புக்குக் கொடுத்தால் இதயநோய் ஆபத்து 25 சதவீதம் குறைவு. ஒற்றைநிரம்பாத (monounsaturated) கொழுப்புக்குக் கொடுத்தால் 15, முழுத்தானியத்துக்குக் கொடுத்தால் 9. தீட்டிய மாவுக்கும் சீனிக்கும் கொடுத்தால் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. இதுவும் அவதானிப்புத்தான், ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டது.

கிளினிக் வரிசையில் ஒரு அம்மாவோடு கதைத்தது:

"தேங்காய்ப்பாலை அறவே விட்டிட்டன் தம்பி. சொதியே வைக்கிறேல்லை."
"அப்ப காலமை இடியப்பத்துக்கு?"
"சொதி இல்லாமல் இடியப்பம் இறங்குமே? பாண்தான். ஜாம் பூசி ரெண்டு துண்டு, சிலவேளை மூண்டு."

அவருக்குக் கிடைத்த ஆலோசனையில் பாதி வசனம் இல்லை. மற்றப் பாதியைப் பேக்கரி எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல், நிரம்பிய கொழுப்பு மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. அந்த இடத்துக்குத் தாவரங்களில் உள்ள நிரம்பாத கொழுப்போ, இயல்பாகவே நார்ச்சத்துள்ள உணவுகளோ வரட்டும் என்கிறது. நம் தமிழாக்கங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்த வாக்கியம்தான்.

உள்ளே வரும் சத்துக்கு இந்த இழையில் நீங்கள் இதுவரை முன்வைத்த சொற்களுக்கு வருகிறேன்.

> பிரதியீட்டுப் போசணை என்றால் என்ன குறை? உயர்தர இரசாயனத்தில் பிரதியீட்டுத் தாக்கம் இருக்கிறதே.

குறை ஒன்றுமில்லை ஐயா. பொருளியலிலும் தேயிலைக்குக் கோப்பி பிரதியீட்டுப் பண்டம். ஆய்வுக் கட்டுரைக்கு நானும் இதையே எடுப்பேன். பிரசுரத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் அந்த அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடுவார்.

> மாற்றுணவு – எளிது.

எளிதுதான். ஆனால் மாற்று மருத்துவத்தின் தம்பி போல ஒலிக்கிறது. எங்களுக்கு வேண்டியது சத்தின் பெயர், உணவின் பெயர் அல்ல.

> ஈட்டுச்சத்து?

அக்கா, மட்டக்களப்பில் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கம் ஈடு என்றால் காணி உறுதியும் தாலிக்கொடியும்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை பதிற்சத்து. இங்கே பத்திரிகை படிக்கிற எவருக்கும் பதில் அதிபர், பதில் நீதவான் தெரியும். ஒருவர் கதிரையை விட்டுப் போக, இன்னொருவர் வந்து இருக்கிறார். கந்தோர் எப்படி நடக்கும் என்பது வந்தவரைப் பொறுத்தது. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்: பதிற்சத்து ஆய்வு, பதிற்சத்து இல்லாக் குறைப்பு.

'பதில்' அரபு வழி வந்தது என்று ஒருவர் தனிமடல் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். அந்தச் சொல்லை விலக்கினால் அவருக்கு நான் பதில்கூடப் போடமுடியாது.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

———

தம்பிக்கு,

கற்சிலை போலப் பதிற்சத்து, புணர்ச்சி சரி. ஆனால் 'ற்' வந்ததும் 'பதில்' மறைந்துவிடுகிறது. நீர் நம்பியிருக்கும் பதில் அதிபரையும் காணவில்லை. பதில்சத்து என்று பிரித்தறியக்கூடியதாக எழுதினால் இலக்கணம் கொஞ்சம் முறைக்கும், வாசகர் முறைக்கமாட்டார்.

இன்னொன்று. ஒன்றையும் பதிலாக எடுக்காமல் வெறுமனே குறைப்பவருக்கு இந்தச் சொல் என்ன சொல்கிறது?

பேராதனையிலிருந்து

———

ஐயா,

வெறுமனே குறைப்பவர்கள் பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணி வரைக்கும்தான். பிறகு மீன்பணிஸோ ரோல்ஸோ வந்துவிடும், அதுவே பதில்சத்து. எடை குறைப்பதற்கு மட்டும் என்றால், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான பரிசோதனை இருக்கிறது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் காபோவைதரேற்றைக் குறைத்தவர்களுக்கும் ஒரு வருட முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, இரு பக்கமும் சராசரியாக ஐந்தாறு கிலோ. இரு பக்கத்தாரிடமும் சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து மரக்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். ஆக, பதில்சத்து விடயத்தில் இரு பக்கத்துக்கும் கிடைத்த அறிவுரை ஏறக்குறைய ஒன்று.

'ற்' பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சொற்பட்டியலில் பதிற்சத்து, அடைப்புக்குள் பிரதியீட்டுப் போசணை. பிரசுரத்தில் பதில்சத்து. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

———

இரண்டு பேருக்கும்,

ஈட்டுச்சத்தை மீளப் பெறுகிறேன். மட்டக்களப்பிலும் நகை ஈடுதான். பட்டியலுக்குப் பதிற்சத்து சரி. ஆனால் பிரசுரத்தின் முன்பக்கத்தில் கலைச்சொல்லே வேண்டாம். "தேங்காய்ப்பாலை விட்டீர்களா? பதிலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சொல்லை உள்ளே இரண்டாம் பக்கத்தில் அறிமுகப்படுத்தலாம். ஜாம் பூசிய பாண் படம் கிடைத்தால் அதையும் சேருங்கள்.