ஆசனூர் பக்கம் காட்டோர வீட்டில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம்ங்க. அடுத்த மாதம் 2 நாள் தங்க, ஆசனூர் தாண்டி காட்டை ஒட்டிய ஓர் ஓட்டுவீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். சோலார் விளக்கு மட்டும்தான், கரண்ட் கிடையாது. சமையல் விறகடுப்பில், சுடுதண்ணீரும் அதில்தான். எனக்கு இதெல்லாம் ஆசைதான். கூட வருவது மாமியாரும் 3 வயதுப் பையனும் என்பதால்தான் யோசனை.

முதல் கவலை, சத்தியமங்கலம் பக்கமிருந்து ஆசனூருக்கு ஏறும் திம்பம் மலைப்பாதை. இரவு 9 மணிக்கு மேல் கார் விடமாட்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்து 5 மணிக்குத் திருப்பூரில் கிளம்பினால், பண்ணாரி சோதனைச்சாவடியை நேரத்தில் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட முடியுமா? இல்லை, சத்தியமங்கலத்தில் தங்கிவிட்டு விடிந்ததும் ஏறுவது நல்லதா?

அப்புறம் யானை. அரிசி, உப்பு வாசத்துக்கு வீட்டுப் பக்கம் வருமாம். மாமியாரோ அரிசிம்பருப்புச் சாதத்துக்கு இப்போதே சாமான் கட்டிவிட்டார்! இரவில் அதையெல்லாம் எங்கே வைப்பீர்கள்? கழிப்பறை வேறு வெளியே, பத்தடி தள்ளி. ராத்திரி பையனைக் கூட்டிப்போவது எப்படி?

போன வருடம் வேறொரு மலையில் இப்படித் தங்கி, ஓடு ஒழுகி விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்முன் என்னென்ன கேட்க வேண்டும், சொல்லுங்கள்.