ஒரே ரிடிம், ஆளாளுக்கு ஒரு பாட்டு – நீங்க எப்படி மாட்டுனீங்க?

ஜமைக்காவோட ரெக்கே இசைல ரிடிம்னா பாட்டுக்கு அடியில ஓடுற பேஸ் கிடார், டிரம்ஸ் டிராக், ஒரே டிராக்ல ஆளாளுக்கு வேற வேற பாட்டு பாடுவாங்க. நானே ஆரம்பிக்கிறேன். காலேஜ்ல க்ளாஷ்ங்கிற இங்கிலாந்து பங்க் ராக் பேண்டு மேல பைத்தியம் நான், 1979ல வந்த லண்டன் காலிங் சிங்கிளோட பின்பக்கம் ‘ஆர்மகிடியன் டைம்’னு ஒண்ணு இருக்கும், இன்னிக்கு ராத்திரி நிறைய பேருக்கு சாப்பாடு இல்லனு பாடுவாங்க. அப்புறம் பார்த்தா அது ஜமைக்காக்காரர் வில்லி வில்லியம்ஸ் பாட்டாம். சரினு அதைக் கேட்டேன், அடுத்து மிச்சிகன் அண்ட் ஸ்மைலி பாட்டு ஒண்ணு ஓடுது, அதுலயும் அதே பேஸ்! அடப்பாவிகளா எத்தனை பேர்டா சுடுவீங்கனு தோணுச்சு. தோண்டிப் பார்த்தா எல்லாத்துக்கும் அடி ‘ரியல் ராக்’, 60கள் கடைசில கிங்ஸ்டன்ல காக்ஸன் டாட்ங்கிற தயாரிப்பாளரோட ஸ்டுடியோ ஒன்ல சவுண்ட் டைமன்ஷன்ங்கிற குழு வாசிச்ச வெறும் இசை, வாய்ப்பாட்டே கிடையாது. நம்ம காவடிச்சிந்து மெட்டுல ஆளாளுக்கு பாட்டு எழுதுவாங்கல்ல, கிட்டத்தட்ட அப்படி, ஆனா இங்க மெட்டையே பாடுறவன் மாத்திக்கலாம், பேஸும் டிரம்ஸும்தான் அப்படியே நிக்கும்.

—

அண்ணா எனக்கு ‘சட்டா மஸகனா’. அபிசீனியன்ஸ்ங்கிற பாட்டுக் குழு 1969ல அதே ஸ்டுடியோலதான் பதிவு பண்ணாங்க, நடுவுல எத்தியோப்பியாவோட அம்ஹாரிக் மொழி வார்த்தை எல்லாம் வரும், இதெல்லாம் எவன் வாங்குவான்னு காக்ஸன் வெளியிடாம வெச்சிட்டார். கடைசில இவங்களே 90 பவுண்டு குடுத்து டேப்பை வாங்கி 1971ல சொந்த லேபிள்ல விட்டாங்க, பிச்சுக்கிட்டுப் போச்சு. அதே ரிடிம்ல அவங்களே பேசுற மாதிரி ‘மாப்ராக்’, டாமி மெக்குக் சாக்ஸபோன்ல ஒண்ணு, பிக் யூத்ங்கிறவர் ஒண்ணு. எனக்கு மெக்குக் வெர்ஷன்தான், வார்த்தையே இல்லாம அழ வைக்கும்.

—

நான் கேக்குறதோட நிக்காம ஒரு ரிடிம் செஞ்சே பார்த்தேன், அதான் தப்பு 😅 ஒன் டிராப்ங்கிற ரெக்கே தாளத்துல நாலு அடில முதல் அடி காலியா இருக்கும், கிக் டிரம் மூணாவதுலதான் விழும், கை சும்மா இருக்குமா, முதல் அடிலயும் ஒண்ணு போட்டேன், பேஸ்ல இருந்த சந்தெல்லாம் அடைச்சேன், ஆர்கன் வேற. பாட வந்த ஃப்ரெண்ட் ரெண்டு தடவ கேட்டுட்டு “மச்சி, நான் எங்கடா பாடுறது?”ன்னான். பாதிக்கு மேல அழிச்சேன். அப்புறம் தண்ணி லாரிக்கு நிக்கிறதப் பத்தி அவன் ஒண்ணு பாடுனான், அவன் தங்கச்சி அதே டிராக்ல வேற மெட்டுல பாடுச்சு, சத்தியமா அதுதான் நல்லா இருக்கு, அவன்கிட்ட இன்னும் சொல்லல. டிராக் வேணும்னா சொல்லுங்க அனுப்புறேன், யாராச்சும் மூணாவதா பாடுங்க.