இன்ஜின் பிளாக்கில் ஓட்டை: வெல்டு வைக்கலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவிலேயே தண்ணீரில் நின்றுவிட்டது. பதற்றத்தில் நான் இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன், அது என் தப்பு. பக்கத்து மெக்கானிக் குளோ பிளக்கைக் கழற்றி உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, ஆயில், ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார். நாலு மாதம் ஓடியது. லேசாக டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் இருந்தது, டீசல் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் திண்டிவனம் தாண்டிப் போகும்போது அடியில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு அடி. இறங்கிப் பார்த்தால் ரோடெல்லாம் ஆயில், பிளாக்கின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

ஒருவர் வெல்டு வைத்து 20,000க்குள் முடிக்கலாம் என்கிறார். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் ஹாஃப் இன்ஜின் (மேலே ஹெட் இல்லாமல் பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும்) 60,000 சொல்கிறார்கள். ஷோரூமில் புது பிளாக் விலை கேட்டேன், பதில் வந்ததும் போனை வைத்துவிட்டேன். எது சரி?

சும்மாபோறவன்:
இரண்டு பாக்கெட் எம்-சீல் வாங்கி அடைத்துவிட்டு விற்றுவிடுங்கள் ப்ரோ. (சத்தியமாகச் செய்துவிடாதீர்கள், அப்படி ஒரு வண்டியை வாங்கி ஏமாந்தவன் நான்.)

லேத்துக்காரன்:
தம்பி, ஓட்டையை அடைப்பது இரண்டாவது விஷயம். முதலில் இன்ஜினை இறக்கி கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுற்றுகிற அடித் தண்டை, வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டை வெளிச் சுவரில் மட்டும் என்றால் வழி இருக்கிறது. விரிசல் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் போருக்கோ, கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் பகுதிக்கோ போயிருந்தால் அந்த பிளாக்கைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இது வார்ப்பிரும்பு பிளாக். சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி டிக் என்று புது விரிசல் விடும். நிக்கல் வெல்டிங் ராடு வேண்டும், பிளாக்கைச் சூடேற்றிவிட்டுப் பற்றவைத்து, மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அத்தனை சூட்டில் போர் கோணிப்போகவும் கூடும், மறுபடி அளந்து பார்க்காமல் இன்ஜினைக் கட்டக் கூடாது. மெட்டல் ஸ்டிச்சிங் என்று சூடே இல்லாமல் விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை போட்ட ஆணிகளை இறுக்கித் தைக்கிற முறையும் உண்டு. நன்றாக நிற்கும், ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும். 20,000க்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

உங்கள் கதையில் உடைந்தது ஏப்ரலில், வளைந்தது டிசம்பரிலேயே. நாலு சிலிண்டரும் சேர்த்து 1248 சிசி, கம்ப்ரஷன் 17.6, அதாவது உள்ளே வரும் காற்றை 17.6ல் ஒரு பங்காக அமுக்கும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஒரு சிலிண்டரில் மிச்சமிருக்கும் இடம் சுமார் 19 சிசி, நாலு டீஸ்பூன் கூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் எங்கே போகும்? தண்ணீர் அமுங்காது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடு கொஞ்ச நாள் ஓடும், பிறகு களைத்து முறியும். அன்றைக்கே ஹெட்டைத் திறந்து நாலு பிஸ்டனும் மேலே ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்த்திருந்தால் ஒரு ராடோடு போயிருக்கும்.

வேளச்சேரிவாசி:
இன்ஷூரன்ஸில் கிடைக்குமா அண்ணா?

பழையடிரைவர்:
இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் சேர்த்து எடுத்திருந்தீர்களா? சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனால் கை விரித்துவிடுவார்கள். அதுவும் நாலு மாதம் கழித்து என்றால் சிரமம்தான்.

பழைய இன்ஜின் வாங்குவதானால் இதைக் கவனியுங்கள் சார். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் அடித்திருக்கும், ஆர்சி புத்தகத்திலும் அதே நம்பர். பிளாக் மாறினால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு பில், பழைய ஆர்சி நகல் இல்லாமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். நம்பர் இருக்கும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், கிரைண்டர் வைத்த மாதிரி வழவழப்பாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் ஸ்விஃப்டில் வந்த டி13ஏ இன்ஜின்தானா என்றும் பாருங்கள். இதே 1.3 டாடாவிலும் ஃபியட்டிலும் வந்தது, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று தலையில் கட்டுவார்கள்.

வேளச்சேரிவாசி:
இறக்கிப் பார்த்தாயிற்று. மூன்றாவது சிலிண்டர் ராடுதான் முறிந்தது. அந்தப் போரில் மேலே கரிக்கோடு மற்ற மூன்றையும் விட அகலமாக இருக்கிறது, பிஸ்டன் இத்தனை நாளும் முழுசாக மேலே வரவே இல்லை. ஓட்டையிலிருந்து ஒரு விரிசல் மெயின் பேரிங் வரை இறங்கியிருக்கிறது.

லேத்துக்காரன்:
அப்போ வெல்டு பேச்சே வேண்டாம் தம்பி. ஹாஃப் இன்ஜின் பாருங்கள். வாங்கும் முன் அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றி ஒரு பேரிங் மெட்டலாவது எடுத்துப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள், விடமாட்டேன் என்றால் வேறு கடை. உங்கள் பழைய டர்போ, ஆயில் கூலர் இரண்டையும் அப்படியே மாட்டாதீர்கள், அதற்குள் இரும்புத் தூள் இருக்கும்.

வேளச்சேரிவாசி:
சரி அண்ணா. பில்லோடு ஒன்று பெரம்பூர் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிறு டார்ச்சோடு போகிறேன்.