நாஜி முகாம்களிலிருந்து பிழைத்த பிள்ளைகள் அப்புறம் எப்படிப் படித்தார்கள்?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். நாஜிசம் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி, "பிழைத்த பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் போனார்களா டீச்சர்?" என்று கேட்டாள். நாங்கள் நடத்துவது 1945-ஓடு நின்றுவிடுகிறது. பல வருஷம் படிப்பே இல்லாத, பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை எந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
1945 ஆகஸ்டில் சுமார் 300 பிள்ளைகளை பிராகிலிருந்து விமானத்தில் ஏற்றி இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே தங்கவைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் வந்த பென் ஹெல்ஃப்காட், 1956, 1960 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகப் பளுதூக்கினார்.

பதில் 2:
நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் வேதியியலாளர் ரோல்ட் ஹாஃப்மன். இவர் நாஜிகளின் தொழிலாளர் முகாமிலிருந்து வெளியேறி ஒளிந்து பிழைத்தவர். 1937-ல், அன்றைக்குப் போலந்தில் இருந்த ஸ்லோசோவ் ஊரில் பிறந்தார். அப்பாவை 1943-ல் கொன்றுவிட்டார்கள். தாயையும் பிள்ளையையும் ஓர் உக்ரேனிய ஆசிரியர் தம் பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளித்துவைத்தார். பையனுக்கு அப்போது ஐந்து வயது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வெளியே தலைகாட்ட முடியாது.

அந்தப் பரணில் பழைய பாடநூல்கள் கிடந்தன. அம்மா ஆசிரியைக்குப் படித்தவர். அவற்றை வைத்தே மகனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், புவியியலை மனப்பாடம் செய்யவைத்துக் கேள்வி கேட்டார். விடிந்தால் உயிரோடு இருப்போமா என்று தெரியாத இடத்தில் ஒரு தாய் உலகப்படம் நடத்தியிருக்கிறார்! பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் இதைவிடப் பெரிய வகுப்பறை எனக்குத் தெரியாது.

போருக்குப் பின் ஆஸ்திரியா, ஜெர்மனி என்று அகதி முகாம்கள். அங்கே மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். 1949-ல் நியூயார்க் போய் இறங்கியபோது ஆங்கிலம் அவருக்கு ஆறாவது மொழி. 1962-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், 1981-ல் ஜப்பானிய வேதியியலாளர் கெனிச்சி ஃபுகுயியோடு சேர்ந்து நோபல் பரிசு.

எந்த வகுப்பு என்று கேட்டீர்களே, வயசு பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. பதினாலு வயசுப் பையனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஜெர்மனியில் நாஜி முகாமாக இருந்து, பிறகு அகதி முகாமான பெர்கன்-பெல்சனில் விடுதலையான அதே வருஷம் பள்ளி தொடங்கியது. புத்தகத்துக்குப் பஞ்சம். பிழைத்தவர்களோடு, பாலஸ்தீனத்திலிருந்து வந்திருந்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் யூதப் படைப்பிரிவுச் சிப்பாய்களும் பாடம் எடுத்தார்கள். ஜெர்மனியின் லேண்ட்ஸ்பெர்க் அகதி முகாமில் ஜேகப் ஓலெய்ஸ்கி தொழிற்பள்ளி ஆரம்பித்தார். அவரும் டாகாவ் என்ற நாஜி முகாமில் கிடந்தவர்தான். கையில் ஒரு தொழில் இருந்தால் எந்த நாட்டுக்குப் போனாலும் பிழைக்கலாம் அல்லவா?

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். பரண் கதையை நாளைக்கே சொல்கிறேன். பெண் பிள்ளைகள் யாராவது உண்டா?

பதில் 3:
சிமோன் வெய் பற்றிச் சொல்லுங்கள். பிரான்ஸின் நீஸ் நகரில் 1944 மார்ச் 29 அன்று பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். மறுநாளே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது அவருக்கு 16 வயது. அங்கிருந்து ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாம். அம்மா பெர்கன்-பெல்சனில் இறந்துபோனார், அப்பாவும் அண்ணனும் திரும்பவே இல்லை. 1945-ல் ஊர் திரும்பிய பிறகுதான் தேர்வில் தேறியது அவருக்குத் தெரிந்தது. அதே வருஷம் பாரிஸில் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டார். 1974-ல் சுகாதார அமைச்சர், 1979-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவர் எல்லாம் பின்னால் வந்தவை. அதற்கு முன்பு நீதித்துறை அதிகாரியாகச் சிறைச்சாலைகளைப் போய்ப் பார்த்து, பெண் கைதிகளின் நிலைமையைச் சீர்செய்யப் பாடுபட்டார். என் மனசில் நிற்பது அந்த வேலைதான்.