முதல்முறை டபுள்ஸ்: ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும்

பின்னாடி ஆள் வைத்து ஓட்டும்போது வண்டி சாய்வது பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை. ஆள் ஏறும்போது, இறங்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, யூ டர்ன் அடிக்கும்போதுதான். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டி ஏறத்தாழ 112 கிலோ. அதன்மேல் 65 கிலோ ஆள், அதுவும் உயரத்தில், பின்சக்கரத்தை ஒட்டி. ஓடும்போது வேகமே வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும். நின்றுவிட்டால் அத்தனை பாரமும் ஓட்டுபவரின் இரண்டு காலில்.

அதனால் ஏற்றும் முறையை முதலில் பழகுங்கள். பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் முன்கூட்டியே மடக்கு பிரித்துவிடுங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்து, நியூட்ரலில் போட்டு, முன் பிரேக்கை இறுகப் பிடித்து, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்த பிறகுதான் “ஏறுங்க” என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவர் தொடவே கூடாது. ஏறுவது இடப்பக்கம், பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்கால் சுடாது. கால் எட்டினால் தரையிலிருந்தே காலைத் தூக்கிப் போடட்டும். எட்டாதவர் ஃபுட்ரெஸ்டை மிதித்து ஏறும் அந்த ஒரு நொடி முழு எடையும் இடப்பக்க ஓரத்தில் இறங்கும். ஓட்டுபவர் உடம்பை லேசாக வலப்பக்கம் கொடுத்துத் தாங்க வேண்டும். இறங்கும்போதும் இதே ஒழுங்குதான். வண்டி நின்றதும் சொல்லாமல் குதிப்பவர்களால்தான் பாதி வண்டி சாய்கிறது.

---

இனி, வண்டியில் செய்ய வேண்டிய வேலை. கிளம்பும் முன் காற்று பாருங்கள். தனியாள் அளவும் இருவர் அளவும் வேறு வேறு. பின் டயருக்குத்தான் கூடும். பல்சர் 150-ல் பின்னால் தனியாளுக்கு 28 PSI, இருவருக்கு 32. ஆக்டிவாவில் 29, 36. செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டியின் அளவு இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அளந்தால்தான் சரியான கணக்கு. காற்று குறைந்தால் பின்பக்கம் நெளியும், வளைவில் வண்டி மிதப்பது போல இருக்கும்.

இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகளில் ஸ்பிரிங்கின் அடியில் படி படியாக வெட்டிய வளையம் இருக்கும், பெரும்பாலும் 5 படி. டூல் கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனரால் ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். இடதும் வலதும் ஒரே படியில் நிற்க வேண்டும், இது முக்கியம். ஏற்றாமல் போனால் பள்ளத்தில் அடி தட்டும், பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். செயினை ரொம்ப டைட்டாக வைத்திருந்தால், ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் அமுங்கும்போது இன்னும் இறுகி, பேரிங்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் தின்னும்.

---

ஓட்டும்போது மாறுவது கிளட்சும் பிரேக்கும். தனியாக ஓட்டும் பழக்கத்தில் கிளட்சை விட்டால் வண்டி ஆஃப் ஆகும், இல்லை குதிக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு விடுங்கள். மேட்டில் பின் பிரேக்கை மிதித்தபடி கிளப்புங்கள். முன்சக்கரம் லேசாகியிருக்கும், முறுக்கக் கூடாது. கியர் மாற்றும்போது ஹெல்மெட்டோடு ஹெல்மெட் ‘டக்’கென்று மோதினால், ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பிரேக்கைச் சீக்கிரமே தொடங்குங்கள். திடீரென்று அடித்தால் பின்னால் இருப்பவர் வழுக்கி உங்களை டேங்க்கோடு தள்ளுவார், அந்தப் பாரம் உங்கள் கை வழியாக ஹேண்டில்பாரில் இறங்கும், திருப்பவே வராது. அவரிடம் சில விஷயம் சொல்லி ஏற்றுங்கள்: தோளைப் பிடிக்காமல் இடுப்பையோ பின் கம்பியையோ பிடிக்கணும், வளைவில் எதிர்ப்பக்கம் சாயக் கூடாது, வளையும் பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்தாலே போதும், சிக்னலில் காலைக் கீழே விடக் கூடாது, ஸ்பீட் பிரேக்கர் வருகிறது என்றால் ஃபுட்ரெஸ்டில் லேசாக எழணும்.

முதல் நாள் காலி மைதானத்தில் எட்டு போட்டுப் பார்ப்பது நல்லது. பாதி கிளட்ச், பின் பிரேக் லேசாக. முன் பிரேக்கைத் தொடாமல் திருப்புங்கள்.

---

சேலையில் ஒரு பக்கமாக உட்காருவதைப் பற்றியும் சொல்லணும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பாதுகாப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அப்படி முடியாதபோது, எடை முழுக்க இடப்பக்கம் நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்து ஓட்டணும். வலப்பக்க யூ டர்ன் எடுக்கும்போது வண்டி திரும்ப மறுக்கும், அகலமாக எடுங்கள். உட்காருபவர் வலது கையால் ஓட்டுபவரின் இடுப்பையும் இடது கையால் பின் கம்பியையும் பிடித்து, பாதத்தைக் கால்தாங்கியில் பதிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து முந்தானை. சாரி கார்டு இருந்தாலும் அது சக்கரத்தின் ஒரு பகுதியைத்தான் மூடும். கார்டைக் கழற்றிப் போட்டு ஓட்டும் வண்டியில் ஏறவே வேண்டாம். முந்தானையை முன்னால் சுற்றி இடுப்பில் செருகி, நுனியை மடியில் வைத்து, அது தொங்குகிறதா என்று ஓட்டுபவரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கணும். துப்பட்டாவுக்குக் கழுத்தில் சுற்றாமல் பின்னால் முடிச்சு. சக்கரத்தின் ஸ்போக் கம்பியில் சிக்கிய துணி கழுத்தை இறுக்க அரை நொடி கூட ஆகாது.

---

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் உரிமம் உள்ள பயிற்சியாளரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம்; இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் 1000 ரூபாய் அபராதம். 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. டேங்க் மேல் குழந்தையை உட்கார வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பிரேக் அடித்தால் ஹேண்டில்பாருக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் நசுங்குவது அதுதான்.

---

பழகாமல் மலைக்குப் போக வேண்டாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இருவரோடு இறங்கும்போது ஏறிய அதே கியரில், இரண்டாவதிலோ முதலிலோ, இன்ஜின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பெடல் எவ்வளவு அமுக்கினாலும் பிடி குறையும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, பின்னால் இருப்பவரை முதலில் இறக்கிவிட்டு, டிரம் ஆறும்வரை நில்லுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.