காசா, களமா? கால்பந்து விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

காரைக்குடி தாய்மாமன்:

போன ஐப்பசியில் என் தங்கச்சி மகனை ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று மலப்புறம் பக்கத்து செவன்ஸ் அணி. ஏழு பேர் ஆட்டம், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும், கூட்டம் நிரம்பி வழியும். ஆப்பிரிக்காவிலிருந்து பையன்கள் வந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. மற்றது சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவில் ஆடும் சின்ன கிளப். தங்க இடம், சாப்பாடு, மாதம் ஒரு தொகை. அந்தத் தொகைக்கு எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் நிற்கிற பையன்கூட வேலைக்கு வரமாட்டான்.

பையனுக்கு 19 வயது. நடுக்களத்தில் ஆடுகிறவன். அவன் அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். ஆடியிலும் மார்கழியிலும் கையில் ஒன்றும் இருக்காது. தங்கச்சியின் நகை இரண்டு வருடமாக அடகில் கிடக்கிறது. அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். மச்சான் வாயே திறக்கவில்லை. பையன் என்னைப் பார்த்து, “மாமா, காசுக்குப் போனா தப்பா?” என்று கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2022 கடைசியில் ரொனால்டோ சவூதியின் அல் நஸ்ருக்குப் போனபோது, அதே திண்ணையில் உட்கார்ந்து “காசுக்காகப் போயிட்டானே” என்று அவன் காதுபடச் சத்தம் போட்டவன் நான். அதை அவன் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

என்ன முடிவெடுத்தோம் என்று அப்புறம் சொல்கிறேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பள்ளத்தூர் பெரியவர்:

தம்பி, எங்கள் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். கடை கூட்டுவது, பெரியவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, நேரம் கிடைத்தால் கணக்கு எழுதப் பழகுவது. மூன்று வருடம் ஒரு கணக்கு. அது முடிந்த பிறகுதான் ஊர் திரும்பலாம். அதற்கப்புறம் அடுத்தாள், கெட்டிக்காரனாக இருந்தால் கடையையே நடத்துகிற மேலாள். பெட்டியடிக்குச் சம்பளம் சொற்பம். ஆனால் அவரை அனுப்பும்போது எந்தக் கடையில் சம்பளம் கூடுதல் என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லையாம். “மேலாள் யாரு? பிள்ளையைக் கணக்குல உட்கார வைப்பாரா, கடைசி வரைக்கும் தண்ணி தூக்க விடுவாரா?” இதைத்தான் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மருமகன் விஷயத்திலும் நான் இதைத்தான் கேட்பேன். கோச் யார், பிள்ளையைக் களத்தில் இறக்குவாரா?

ஆனால் ஐயாவுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது, அதில் சோறு இருந்தது. மூன்று வருடம் பொறுக்க முடிந்தது. பொறுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையிடம் பொறுமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கானாடுகாத்தான் தம்பி, இப்போது சிங்கப்பூரில்:

பெரியவர் சொன்னது ஐரோப்பாவுக்கும் அப்படியே பொருந்தும் அண்ணே. நார்வே ஆட்டக்காரர் மார்ட்டின் ஓடேகார்ட் 2015 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. உலகத்தில் அதற்கு மேல் கிளப் ஏது? ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சொசிடாட் என்று வேறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது இரவல் ஆளாக, ஊர் ஊராகப் போய்த்தான் ஆட முடிந்தது. 2021இல் ஆர்சனலுக்கு வந்த பிறகுதான் சொந்த இடம் என்று ஒன்று அமைந்தது. அடுத்த வருடமே அணித்தலைவர்.

எர்லிங் ஹாலண்டுக்கு உங்கள் மருமகன் வயது இருக்கும்போது, 2020 ஜனவரியில், சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போனார். இளம் பிள்ளைகளைத் தயங்காமல் இறக்குகிற கிளப் அது. அங்கே கோல் அடித்துக் குவித்த பிறகு 2022இல் மான்செஸ்டர் சிட்டி. ஜேடன் சான்சோ 2017இல், 17 வயதில், அந்த சிட்டியை விட்டுத்தான் டார்ட்மண்டுக்குப் போனார்; ஆட வாய்ப்பு வேண்டும் என்பதற்காக.

சிங்கப்பூரில் என்னோடு அறையில் இருந்த ஒரு நண்பருக்குப் பிரேசில் ஆட்டக்காரர் ஆஸ்கார் என்றால் உயிர். அவர் 25 வயதில் செல்சியை விட்டு ஷாங்காய்க்குப் போனதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “நீங்களும் நானும் எதுக்கு ஊரை விட்டு வந்தோம்?” அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. சம்பளத்துக்காகக் கடல் தாண்டிய நாம், அதையே செய்த ஒரு பந்தாட்டக்காரரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நம்மால் 58 வயது வரை வேலை பார்க்க முடியும். அவர்களுக்கு 35 வந்தாலே கால் ஓய்ந்துவிடும்.

தேவகோட்டை அம்மா:

அண்ணே, நீங்கள் எல்லாரும் பெரிய கிளப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் என் பிள்ளை கதையைச் சொல்கிறேன்.

விளையாட்டு விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் வெளியூர் கிளப் ஒன்று கூப்பிட்டது. பேர் வேண்டாம். பேசின சம்பளம் நல்ல சம்பளம்தான். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது, நானும் அவன் அப்பாவும் கையெழுத்துப் போட்டோம். முதல் மாதம் வந்தது. இரண்டாவது மாதம் பாதி. அதற்கப்புறம் “அடுத்த வாரம், அடுத்த வாரம்” என்றே ஓடியது. பிள்ளையைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால், பதிவு எங்களிடம் இருக்கிறது, விடமாட்டோம் என்றார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கணினிப் பதிவில் பேர் ஒரு கிளப்பில் இருக்கிற வரைக்கும், அவர்கள் விடுவித்தால்தான் அடுத்த கிளப்பில் ஆட முடியுமாம். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வருடம் போச்சு. பதினெட்டு வயதில் ஒரு வருடம் என்பது எவ்வளவு என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

காசும் வரவில்லை, ஆட்டமும் இல்லை. அதனால் எது பெரிது என்று யாராவது கேட்டால், முதலில் கையெழுத்துப் போடுகிற காகிதத்தைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். எத்தனை வருடம், காசு வராவிட்டால் என்ன வழி, அடிபட்டால் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் யார் கட்டுவார்கள்.

கானாடுகாத்தான் தம்பி:

அக்கா, படிக்கும்போதே மனசு கனத்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அங்கேயே ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக்கூட விடாமல் காசு கேட்பார்கள். இப்போது காலம் முடிந்தால் போகலாம். எம்பாப்பே 2024இல் மாட்ரிட்டுக்குப் போனது அப்படித்தான், பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகை இல்லாமல். அதனால் இளம் பிள்ளைகளுக்கு ஒரு வருட ஒப்பந்தம் நல்லது. மூன்று வருடம் என்று நீட்டினால் யோசியுங்கள். பெரிய இடத்திலும் காசுக்கு உறுதி இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் பெரிய லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நிறுத்திவைக்கப்பட்டபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின.

செக்காலைக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்:

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. கிளப் என்றால் வேலை. தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி என்று சென்னை லீக்கில் ஆடிய அணிகளில் பாதி அலுவலக அணிகள். காலையில் போய்க் கையெழுத்துப் போடுவோம், மதியத்துக்கு மேல் பயிற்சி. எனக்குக் கொல்கத்தாவில் ஒரு கிளப்பிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஆடினால் ஊரே தெரிந்துகொள்ளும், மைதானத்தில் நிற்க இடம் இருக்காது. அப்பாவிடம் சொன்னேன். “ஓய்வூதியம் உண்டா?” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வேலையில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், வீடு கட்டினேன். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கொல்கத்தாக் கிளப்புகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மோதும் ஆட்டம் டிவியில் போட்டால் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் அந்த ஆட்டத்தை ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. கோல் போட்டது நம்ம சென்னைப் பையன் நந்தகுமார். அன்றைக்கு மட்டும் பேரன் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தான். அழுதுவிட்டேன்.

இன்றைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு 3 சதவீதம் இருக்கிறது. மாநிலத்துக்கு ஆடிய சான்றிதழை எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி. முழங்காலை நம்பி வீட்டை நடத்தக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜைப் பாருங்கள். சென்னை சிட்டி கிளப்பில் ஆடிப் பேர் வாங்கி, ஜாம்ஷெட்பூர் போய், அப்புறம் கொல்கத்தா. படிப்படியாக ஏறிய பிள்ளை. 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அந்தப் பருவம் முழுக்க ஆடவே முடியவில்லை.

காரைக்குடி தாய்மாமன்:

எல்லாருக்கும் நன்றி. தேவகோட்டைத் தங்கச்சி எழுதியதை என் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

சரி, எங்கள் முடிவு. அன்று ராத்திரி பையனிடம், “தப்பில்லைடா, நான் ரொனால்டோவைத் திட்டினதுதான் தப்பு” என்றேன். ரொனால்டோ எல்லாம் ஜெயித்து முடித்து 37 வயதில் போனார். இவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. செவன்ஸ் அணிக்கு அடுத்த வருடமும் ஆள் தேவைப்படும். பதினோரு பேர் ஆட்டத்தில் 19 வயதுப் பையனுக்கு இடம் தருகிற கோச் அடுத்த வருடமும் கிடைப்பாரா என்று யாருக்குத் தெரியும்? நகையின் வட்டியை ஒரு வருடத்துக்கு நான் கட்டுகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பையனின் பையில் வைக்க ஒரு டப்பாவில் சீடை கொண்டுவந்து வைத்தார். அதுதான் அவர் சம்மதம்.

விடியற்காலை பல்லவனில் ஏற்றிவிட்டேன். முதல் நான்கு ஆட்டம் பெஞ்ச். ஐந்தாவது ஆட்டத்தில் வலது பின்களக்காரருக்குக் கணுக்கால் பிசகியது. இவனை அந்த இடத்தில் இறக்கினார்கள். இவன் அதுவரை ஆடாத இடம். அதற்கப்புறம் அந்தப் பருவம் முடியும் வரை அவனை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிய காசு மிகக் குறைவு. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. தங்கச்சி ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

போன வாரம் வேறொரு கிளப் கூப்பிட்டிருக்கிறது. மேல்பிரிவு அணி, மூன்று மடங்கு சம்பளம். போனில் சந்தோஷத்தில் மூச்சு வாங்கச் சொன்னான். செக்காலை அண்ணன் பேச்சைக் கேட்டு முதலில் சான்றிதழ்களைக் கேட்டேன்; பத்திரமாக இருக்கிறது. அப்புறம் பள்ளத்தூர் பெரியவர் சொன்னதைக் கேட்டேன்: “அங்க வலது பின்களத்துல இப்போ யாருடா ஆடுறாங்க?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ரெண்டு பேர் இருக்காங்க மாமா. ஒருத்தர் மாநில அணிக்காகச் சந்தோஷ் டிராபி ஆடினவர்.”

ஞாயிற்றுக்கிழமை அந்த அணிக்கு ஆட்டம் இருக்கிறது. டிக்கெட் இல்லை, சும்மா போய் உட்காரலாமாம். அந்த இரண்டு பேரும் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்றிருக்கிறான்.