மின்சார ரயிலில் கதை கிடைக்குமா? சக பயணிகளைக் குறிப்பெடுப்பது பற்றிப் புனைபெயரில் நால்வரின் விவாதம்

கடைசிப்பெட்டி:
கதை எழுதப் பழகுகிறவர்களிடம் "ரயிலில் வருகிறவர்களைக் கவனி" என்று எல்லோரும் சொல்கிறோம். எதைக் கவனிப்பது என்று சொல்வதில்லை. அதனால் நோட்டு நிறைகிறது, கதை வருவதில்லை. சென்னையின் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் தடத்தை வைத்தே பேசுவோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், ஐம்பது நிமிடமும் கொஞ்சமும். தினசரிப் பயணத்தின் பலம் புதுப்புது முகங்களில் இல்லை, அதே முகம் மறுநாளும் வருவதில் இருக்கிறது. என் யோசனை இது: ஒரே நேரத்து வண்டி, ஒரே பெட்டி, ஒரே வாசல், மூன்றே பேர். முதல் இரண்டு வாரம் ஒவ்வொருவரைப் பற்றியும் நாளுக்கு ஒரு வரி. அவர் வழக்கத்தை மட்டும் எழுதவேண்டும்: எங்கே ஏறுகிறார், பையை மடியில் வைக்கிறாரா மேல்தட்டில் வைக்கிறாரா, எந்த நிலையம் தாண்டியதும் எழுந்து வாசலுக்கு வருகிறார். மூன்றாவது வாரத்திலிருந்து வழக்கம் தப்பிய நாளை மட்டும் எழுதுங்கள். தினமும் கிண்டியில் இறங்குகிறவர் ஒருநாள் கிண்டி வந்தும் எழுந்திருக்கவில்லை என்றால் கதை அங்கே இருக்கிறது.

சிவப்புமை:
முறை நன்றாக இருக்கிறது. ஆனால் அது கதையைத் தராது, சம்பவத்தைத்தான் தரும். ரயில் கதைகளின் பொதுவான நோயைச் சொல்கிறேன். முதல் பத்தி முழுக்க வர்ணனை: வியர்வையில் நனைந்த சட்டை, சோர்ந்த கண்கள், ஜன்னலுக்கு வெளியே ஓடும் மரங்கள். பிறகு அந்த மனிதரின் கடந்தகாலத்தைப் பற்றி ஓர் ஊகம். பிறகு நிலையம் வருகிறது, அவர் இறங்கிப் போகிறார், கதைசொல்லி பெருமூச்சு விடுகிறார். இது ஏன் மனதில் நிற்பதில்லை? பார்க்கிறவருக்கு எந்த இழப்பும் இல்லை. கதை எழுதுகிறவர் முதலில் தன்னை உறுத்தும் கேள்வியோடு வரவேண்டும். எதிர் இருக்கைக்காரர் அதற்கு முகமும் கையும் கொடுத்தால் போதும். கேள்வி இல்லாமல் ஏறினால் மூன்று மாதம் குறிப்பெடுத்தாலும் வெறும் பயணிகள் பட்டியல்தான் மிஞ்சும்.

பூக்கூடை:
ரெண்டு பேரும் கண்ணைப் பத்தியே பேசுறீங்க. லேடீஸ் பெட்டியில ஏறினா காதுக்குத்தான் வேலை. ஒருத்தர் பூ தொடுத்துக்கிட்டே பேசுவாங்க, ஒருத்தர் பூண்டு உரிச்சுக்கிட்டே பேசுவாங்க. கை வேலையில இருக்கும்போது வாய் வேற மாதிரி பேசும். சண்டை எந்த இடத்துல சூடாகுதோ அங்க கை நிக்கும். அதைக் கவனிங்க. போன்ல பேசுறவங்களோட ஒரு பக்கம் மட்டும்தான் நமக்குக் கேக்கும், அதுவும் நல்லதுதான். "வேணாம், அவர்கிட்ட சொல்லாதீங்க, நான் வந்து பாத்துக்குறேன்." இதுக்கு எதிர்ப்பக்கம் என்ன சொல்லியிருப்பாங்கன்னு மூணு விதமா எழுதிப் பாருங்க. மூணுல எது உங்களுக்கே பயமா இருக்கோ அதை எடுத்துக்குங்க.

முக்கியமான விஷயம் ஒண்ணு. வண்டிக்குள்ள குறிப்பு எழுதாதீங்க. போனை நிமிர்த்திப் பிடிச்சாலே வீடியோ எடுக்கிறதா நினைச்சு எதிர்ல இருக்கிற பொண்ணு துப்பட்டாவைச் சரிபண்ணிக்கும். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் இயல்பா எதுவும் நடக்காது. போட்டோவும் கூடாது, குரல் பதிவும் கூடாது. இறங்கினதும் பிளாட்பார பெஞ்சுல உக்காந்து பத்து நிமிஷத்துக்குள்ள எழுதிடுங்க. அதுக்கு மேல போனா பேசினவங்க வார்த்தை போயி நம்ம வார்த்தை வந்து உக்காந்துக்கும்.

சிவப்புமை:
அக்கா, கை நிற்கும் இடம் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கேட்டதை கேட்டபடி இறக்கினால் உரையாடல் செத்துப்போகும். நிஜப் பேச்சில் "ஆமா, ஆமா, அதான்" என்று பாதி போய்விடும். பத்து வரி கேட்டால் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அதுவும் பேசுகிறவர் எதையோ மறைக்கிற வரியாக இருக்கவேண்டும்.

இன்னொன்று, வியாபாரிகள். கொய்யா விற்கிறவர், ஊக்கு–ஹேர்பின் விற்கிறவர், ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடும் பார்வையற்றவர். ரயில் கதை என்றாலே இவர்களில் ஒருவரை இரக்கத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இதனால்தான் கவனிப்பை நம்பாதீர்கள் என்கிறேன்.

கடைசிப்பெட்டி:
அது கவனிப்பின் குற்றமில்லை, அரைகுறைக் கவனிப்பின் குற்றம். கொய்யா விற்கிறவரையே எடுத்துக்கொள்வோம். இந்தத் தடத்தின் வழக்கமான மின்ரயில்களில் பெட்டிக்குப் பெட்டி உள்ளே நடந்து போக வழி கிடையாது. வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கூடையோடு இறங்கி அடுத்த பெட்டியில் ஏறவேண்டும். ஆகவே இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள மூன்று நான்கு நிமிடத்தில் வெட்டி, மிளகாய்ப்பொடி தூவி, சில்லறை கொடுத்து முடிக்கவேண்டும். ஒருவர் 200 ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் கணக்கே குலைந்துபோகும். வாங்கியவர் நல்லவரா, மீதிச் சில்லறைக்கு மறுநாள் வரை பொறுப்பாரா என்று ஒரு நொடியில் முடிவெடுக்கிறார். இதை எழுதினால் இரக்கத்துக்கு இடமே இல்லை. படிப்பவர் எதிரில் ஒரு தொழிலாளி நிற்பார். நீங்கள் சொல்லும் கேள்வியும் இதற்குள்ளேயே இருக்கிறது: முன்பின் தெரியாதவரை எவ்வளவு நம்பலாம்?

இறங்கும் நிலையமும் பாதிக் கதை சொல்லிவிடும். தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்துக்குப் போகும் பெண்களும் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் ஒரே படியில் இறங்குகிறார்கள். பூங்கா நிலையத்தில் எக்ஸ்ரே உறையோடும் கூஜாவோடும் இறங்குகிறவர் எதிரில் உள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். கோட்டையில் வக்கீல்களும் தலைமைச் செயலக ஊழியர்களும். எக்ஸ்ரே உறையோடு வந்தவர் பூங்காவைத் தாண்டிக் கோட்டையில் இறங்கினால்? யோசித்துப் பாருங்கள்.

மீட்டர்கேஜ்:
இடையில் ஒரு திருத்தம், காலம் பற்றி. இந்தத் தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மீட்டர் கேஜ் எனும் குறுகிய பாதை வண்டிகள் 2004 வரை ஓடின. 1980களில் நடக்கும் கதையில் இன்றைய 12 பெட்டி அகலப்பாதை வண்டியை ஓட்டாதீர்கள். பழைய பெட்டி குறுகல், எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். முழங்கால் இடித்தால் பேச்சு தொடங்கும், கதையின் போக்கே மாறும். 2025 ஏப்ரலில் வந்த ஏசி வண்டியில் கதவு தானாக மூடிக்கொள்ளும். அதில் உங்கள் கதாபாத்திரம் படியில் தொங்க முடியாது.

பூக்கூடை:
இன்னொரு சிக்கலையும் யாரும் தொடல. கதை வெளிவந்தப்புறம் அதே பெட்டியில வர்றவங்க அதைப் படிச்சா? பேரை மட்டும் மாத்தினா போதாது. வயசு, வேலை, குடும்ப அமைப்பு, ஏறி இறங்குற இடம், இந்த நாலுல மூணையாவது மாத்துங்க. ஒருத்தரோட நடை, இன்னொருத்தரோட பேச்சு, மூணாவது ஆளோட பை. இப்படி ஒட்டினாத்தான் புது ஆள் பிறக்கும். அடையாளம் தெரியுற மாதிரி எழுதி அவங்க பேரு கெட்டுச்சுன்னா பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவுல அவதூறு வழக்கு வரும், ரெண்டு வருஷம் வரை சிறைன்னு இருக்கு. வழக்கை விடுங்க, நாம எழுதினது நம்மளை நம்பிப் பக்கத்துல உக்காந்து அழுத ஒரு பொண்ணைப் பத்தியா இருக்கலாம். அதுதான் எனக்குப் பெருசு.

சிவப்புமை:
இதில் மறுப்பே இல்லை. மாற்றினால் கதைக்கும் லாபம். உண்மையில் நடந்தது என்ற பிடி விட்டுப்போனால்தான் நடக்கவேண்டியதை எழுதமுடியும்.

கடைசிப்பெட்டி சொன்ன மூன்று வார முறைக்கு ஒரு நிபந்தனையோடு சம்மதிக்கிறேன். நாலாவது வாரம் நோட்டைத் திறக்காமல், நினைவில் நிற்பதை மட்டும் வைத்து 600 வார்த்தை எழுதவேண்டும். மறந்ததெல்லாம் கதைக்கு வேண்டாதது. எழுதியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் "நான்" என்ற ஆளை அடியோடு எடுத்துவிடவேண்டும்.

கடைசிப்பெட்டி:
நினைவிலிருந்து எழுதுவது சரி. "நான்" போகவேண்டும் என்பதை ஏற்கமாட்டேன். பார்க்கிறவருக்கு இழப்பில்லை என்பதுதானே உங்கள் குறை? இழப்பைக் கொடுத்துவிடுவோம். ஓர் அம்மாள் ஆறு மாதமாகப் பல்லாவரத்தில் ஏறும் தோழிக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைக்கிறார். தோழி நான்கு நாளாக வரவில்லை. கைக்குட்டை விழுந்துகொண்டே இருக்கிறது. ஐந்தாம் நாள் கூட்டம் நெரிக்கிறது, கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள். கைக்குட்டையை எடுங்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில் நிற்பது உங்கள் "நான்". அவரை எடுத்துவிட்டால் அதை யார் சொல்வது?

சிவப்புமை:
அந்த "நான்" வாயைத் திறக்கிற நொடியில் கதையைத் தொடங்குங்கள். முந்தைய ஆறு மாதமும் ஒரே வரியில் வரட்டும்.